கல்லீரலுக்குக் கிடைத்த கூடுதல் நேரம்

தானமாகக் கிடைத்த உறுப்பை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் பறக்கும் காட்சியை டிவியில் பார்த்திருப்பீர்கள். ரொம்ப நாளாக அந்தப் பெட்டிக்குள் ஐஸ்தான் முக்கியம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்துப் பார்த்தால் ஐஸ் பாதிதான். மீதிப் பாதி, கல்லீரலுக்குள் ஏற்றப்படும் ஒரு திரவம். அது கிடைக்க சுமார் 25 வருஷம் ஆனது.

1963 மார்ச் 1 அன்று டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல், மனிதருக்கான முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். நோயாளி மூன்று வயதுச் சிறுவன். ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் மேசையிலேயே இறந்துபோனான். ஒரு வருஷத்துக்கு மேல் உயிர் வாழ்ந்த முதல் நோயாளி 1967-இல்தான் கிடைத்தார். 1980-களின் தொடக்கத்தில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்ததும், உடல் புதிய உறுப்பை நிராகரிக்கும் பிரச்சினை பெருமளவு கட்டுக்குள் வந்தது. அப்புறம் மிஞ்சிய பெரிய எதிரி கடிகாரம்.

சரி, ஐஸ் என்ன செய்கிறது? 37 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்கினால் செல்லின் ஆற்றல் தேவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் குளிர் ஒரு தீங்கும் செய்கிறது. சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் செல்லின் பம்ப் நின்றுபோகிறது. சோடியம் உள்ளே நுழையும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி செல் உப்பிவிடும்.

1969-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜெஃப்ரி காலின்ஸ் குழு இதற்கு ஒரு வழி சொன்னது. செல்லுக்குள் இருப்பது போலவே பொட்டாசியம் அதிகமும் சோடியம் குறைவுமாக ஒரு கரைசல். தண்ணீரை வெளியே இழுத்துப் பிடிக்க அதில் குளுக்கோஸ். சிறுநீரகம் இதில் ஒரு நாளுக்கு மேல் தாங்கியது. கல்லீரலுக்கு அந்த அளவு சரிப்படவில்லை. ஏன்? சர்க்கரையை உள்ளே வாங்கி, தேவைப்படும்போது வெளியே விடுவதுதானே கல்லீரலின் வேலையே! குளுக்கோஸ் தாராளமாக உள்ளே போய்விடும், காவலுக்கு நிற்காது.

அதனால் கல்லீரலுக்குக் கிடைத்தது ஆறு முதல் எட்டு மணி நேரம். அதற்குள் உறுப்பை எடுத்து, விமானத்தில் கொண்டுவந்து, தைத்து முடிக்க வேண்டும். பெரும்பாலும் நடுராத்திரி ஓட்டம். தூரத்து ஊரில் பொருத்தமான கல்லீரல் கிடைத்தாலும், நேரம் போதாது என்றால் அது வீண்தான்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சர்ஜன் ஃபோல்கர்ட் பெல்சரும் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் சவுத்தர்டும் கேட்ட கேள்வி எளிமையானது: கல்லீரல் செல்லுக்குள் நுழையவே முடியாத பெரிய மூலக்கூறு எது? லாக்டோபயோனேட்டும் ராஃபினோஸும் கைகொடுத்தன. கூடவே, ஆக்சிஜன் திரும்பப் பாயும்போது வரும் சேதத்தைக் குறைக்க குளுட்டாதயோனும் அல்லோபியூரினாலும், ஆற்றலை மீட்க அடினோசினும் சேர்ந்தன. முதலில் நாய்களின் கணையத்திலும் கல்லீரலிலும் சோதித்தார்கள். 1980-களின் கடைசியில் மனிதர்களுக்குப் பயன்படுத்தியபோது, கல்லீரலை அரை நாளுக்கு மேல், சில சமயம் 24 மணி நேரம் வரைகூட வைத்திருக்க முடிந்தது.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. கரைசலில் பொட்டாசியம் மிக அதிகம். ரத்த ஓட்டத்தைத் திறப்பதற்கு முன் கல்லீரலைக் கழுவி அதை வெளியேற்றாவிட்டால் நோயாளியின் இதயமே நின்றுவிடலாம். தவிர, 24 மணி நேரம் முடியும் என்பதற்காக யாரும் அதுவரை காத்திருப்பதில்லை. நேரம் கூடக்கூட பித்தநாளங்கள் பாதிக்கப்படும்.

2013-இல் லண்டனில், உடல் வெப்பத்திலேயே ரத்தம் ஓடவிட்டு கல்லீரலை உயிர்ப்போடு வைத்திருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு இயந்திரம் முதன்முறையாக நோயாளிகளுக்குப் பயன்பட்டது. பெட்டிக்குள் கல்லீரல் பித்தம் சுரப்பதைப் பார்க்கவே முடியும், வேலை செய்யுமா என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். ஆனால் அந்த இயந்திரம் விலை அதிகம். அதனால் ஐஸும் அந்தக் கரைசலும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அடுத்த முறை டிவியில் அந்தப் பெட்டியைப் பார்த்தால், உள்ளே இருக்கும் திரவத்தையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.