இறக்கையின் நடுக்கமும் எண்களின் காவலும்

வானில் விரையும் விமானத்தின் இறக்கை வளைந்து நிமிர்கிறது; சற்றே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. குறிப்பிட்டதொரு வேகத்தை எட்டும்போது இவ்விரு அசைவுகளும் கைகோத்துக்கொண்டால், காற்றே அந்த அசைவுக்கு ஆற்றலை ஊட்டத் தொடங்கும். நடுக்கம் நொடிக்கு நொடி பெருகி, இறக்கையையே முறித்துவிடக்கூடும். பொறியாளர்கள் இதனை 'ஃபிளட்டர்' என்பர். நாம் படபடப்பு என்று சொல்லலாம்.

இதை முன்கூட்டியே அறிவது எளிதன்று. அசையும் இறக்கையின்மேல் காற்று செலுத்தும் விசை, அக்கணத்து நிலையை மட்டும் பொறுத்ததன்று. சற்றுமுன் அசைந்தபோது இறக்கை பின்னே விட்டுவந்த சுழல்களையும் பொறுத்தது. 1935இல் அமெரிக்காவில் தியோடோர் தியோடோர்சன் இதற்கொரு கணிதத் தீர்வு கண்டார். ஆயினும் ஒவ்வொரு வேகத்துக்கும், ஒவ்வோர் அதிர்வுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டியிருந்தது. மனிதக் கைகள் சலித்துப்போகும் வேலை அது.

பெர்லினில் ஹென்ஷல் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிய கொன்ராட் சூசே என்னும் இளைஞர் அத்தகைய சலிப்பை அறிந்தவர். 2,000க்கும் மேற்பட்ட ரிலேக்களைக் கொண்டு அவர் அமைத்த 'இசட்-3' என்னும் கணிப்பொறியை 1941 மே 12 அன்று அறிஞர் சிலர் பார்வையிட்டனர். அதற்கான கட்டளைகள் திரைப்படச் சுருளில் துளைகளாக இடப்பட்டன. ஜெர்மானிய விமான ஆய்வு நிறுவனம் இறக்கைப் படபடப்புக் கணக்குகளுக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தது. 1943இல் குண்டுவீச்சில் அப்பொறி அழிந்தது.

அதே ஆண்டில், எதிரணியான இங்கிலாந்தில், லண்டனை அடுத்த டெடிங்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தோடு இணைந்து, ஓல்கா டாஸ்கி இதே புதிரோடு போராடத் தொடங்கினார். யூதக் குடும்பத்தில் பிறந்து, வியன்னாவில் கற்றவர் அவர். போர்ப்பணிக்கு அழைக்கப்பட்ட இளம்பெண்கள் கையால் இயக்கும் கணக்குப்பொறிகளில் எண்களைப் பெருக்கிக்கொண்டிருந்தனர். சோவியத் கணிதர் கெர்ஷ்கோரின் 1931இல் வெளியிட்ட தேற்றத்தைக் கையாண்டு, டாஸ்கி அவர்களுடைய சுமையைக் குறைத்தார்.

போர் முடிந்தபின்பும் ஆபத்து முடியவில்லை. 1959 செப்டம்பரில் டெக்சாஸிலும், 1960 மார்ச்சில் இண்டியானாவிலும் இரண்டு 'எலெக்ட்ரா' விமானங்கள் நடுவானில் சிதறின. 97 உயிர்கள் போயின. எஞ்சின் தாங்கிகள் வலுவிழந்ததால், சுழலும் விசிறிகளின் தள்ளாட்டம் இறக்கைக்குத் தொற்றியதே காரணம் என ஆய்வில் தெரியவந்தது. தாங்கிகளும் இறக்கைகளும் வலுப்படுத்தப்பட்டன.

1969இல் அல்பானோவும் ராடனும் புதியதொரு முறையை வெளியிட்டனர். இறக்கையைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டமும் மற்றவற்றின்மேல் செலுத்தும் தாக்கத்தைக் கணிப்பொறி கணக்கிடும். பின்னர் இம்முறை 'நாஸ்ட்ரான்' முதலிய நிரல்தொகுப்புகளில் இடம்பெற்றது.

பகைவர்களாய்ப் பிரிந்து நின்றவர்கள் ஒரே புதிரை விடுவிக்க முயன்றனர். காற்றுக்கு நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. போருக்காகத் தேடிய அறிவு இன்று குழந்தையை மடியில் வைத்துப் பயணம் செய்யும் தாய்க்கும் காவலாக நிற்கிறது. சூசேயின் பெயரும் டாஸ்கியின் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன. டெடிங்டன் பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கள் நம்மை எட்டவில்லை. ஆயினும் இறக்கை முறியாமல் தரையிறங்கும் ஒவ்வொரு பயணத்திலும் அவர்களுடைய உழைப்புக்கும் பங்குண்டு அல்லவா?