ஆள் சேர்த்த கூலி

கைப்பேசி வைத்திருப்போர் பலரும் கண்டிருக்கும் அறிவிப்பு ஒன்று உண்டு. தமக்குத் தெரிந்த ஒருவரைப் புதிய வாடிக்கையாளராகச் சேர்த்துவிட்டால், சேர்த்தவருக்கு ஒரு தொகை, சேர்ந்தவருக்கும் ஒரு தொகை என்பதே அது. வங்கிகளும், பணம் அனுப்பும் செயலிகளும் இதனைப் ‘பரிந்துரை ஊக்கத்தொகை’ என்னும் பெயரால் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இச்சொல் சிறிது உறுத்தும். பரிந்து உரைத்தல் என்பது ஒருவர்பால் அன்பு கொண்டு அவர் பொருட்டுப் பேசுதல்; அதற்குக் கூலி பெறுவது என்னும் கருத்து அச்சொல்லில் இல்லை.

பெங்களூரு அடுகோடியில், ஓசூர்ச் சாலையை ஒட்டிய தெருக்களில், தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1951-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் ஆலை எழுந்த இடமும் அதுவே. இத்தகைய பகுதிகளில் வீடு பிடிப்பதும், வேலை தேடுவதும், சீட்டில் சேர்வதும் பெரும்பாலும் ஊர்க்காரர் வாய்ச்சொல்லின் பேரில் நடப்பவை. ‘நம் ஊர்ப் பிள்ளை சொல்கிறான்’ என்பதற்கு மேல் சான்று கேட்பார் குறைவு. அந்த நம்பிக்கைக்கு விலை வைக்கும் வழக்கம் நம்மவரைப் பொறுத்தவரை கைப்பேசியோடு வந்ததன்று. நம் முன்னோர் கடல் கடந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இலங்கை மலைநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. பின்னர் நோயினால் காப்பி அழிய, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தோட்டத்துரைமார்க்கு ஆள் வேண்டும். ஆனால் தமிழகத்துச் சிற்றூர்களில் அவர்கள் பேச்சை யார் நம்புவர்? ஆகவே தோட்டத்தில் முன்னரே வேலை செய்த ஒருவரையே முன்பணம் கொடுத்து அவருடைய ஊருக்கு அனுப்பினர். அவரே கங்காணி. அவர் அழைத்தவர் பெரும்பாலும் சொந்தக்காரரும், பங்காளிகளும், அண்டை வீட்டாருமே. 1904-ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகள் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தொழிலாளர் ஆணையத்தையே நிறுவினர் எனினும், ஊருக்குள் சென்று ஆளை அழைத்துவரக் கங்காணியே வேண்டியிருந்தார்.

கங்காணிக்குக் கிடைத்தது தலைக்காசு. அவர் சேர்த்த ஆட்களுள் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினரோ, அத்தனை பேருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு முறை பெற்று ஓயும் கூலியன்று அது. தாம் அழைத்து வந்தவர் தோட்டத்தில் இருக்கும்வரை கங்காணிக்கு வந்துகொண்டே இருக்கும் வருவாய். இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. ஆளை ஊரிலிருந்து கொண்டுவந்த வழிச்செலவும், முன்பணமும் இலங்கையில் வந்தவர் பேரிலேயே கடனாக எழுதப்பட்டன. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தால்தான் விடுதலை. அத்தை மகன் சொன்னான் என்று புறப்பட்டவர், அவனுக்கே கடனாளியாகிப் பல ஆண்டுகள் உழைத்த கொடுமை இவ்வாறு விளைந்தது. கங்காணிகள் எல்லாரும் கொடியவர் அல்லர். நோயிலும் சாவிலும் தம் ஆட்களுக்குத் துணைநின்றோரும் உண்டு. ஆயினும் உறவும் கடன்கணக்கும் ஒரே கையில் இருந்தமையால், உறவினரை எதிர்த்துக் கணக்குக் கேட்கும் துணிவு பலருக்கு வரவில்லை.

மலாயாவிலும் கங்காணி இருந்தார். அவருக்கும் தலைக்குக் கூலி உண்டு. ஆனால் 1907-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே ஒரு பொது நிதியை ஏற்படுத்தியது. முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து வழிச்செலவு கொடுக்கப்பட்டது. தோட்ட வாழ்வு அங்கும் இனியதன்று. எனினும், அழைத்துவந்த செலவை வந்தவர் தலையில் சுமத்தக் கூடாது என்னும் கொள்கை அதில் தெளிவாக இருந்தது. இலங்கையில் 1921-இல் துண்டுமுறை ஒழிந்தது; 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பொது நிதியும் வந்தது. 1938-இல் மலாயாவுக்கும், 1939-இல் இலங்கைக்கும் தோட்டத் தொழிலாளரை இவ்வாறு அனுப்புவதை இந்திய அரசாங்கமே தடுத்துவிட்டது.

ஆள் சேர்த்தவருக்குக் கூலி கொடுப்பது மட்டுமே தீமையன்று, அக்கூலி யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது என்பதை இவ்விரு நாட்டுக் கதைகளும் காட்டுகின்றன. நம் நாட்டுச் சேமிப்புத் துறையில் நேரிய முறையில் அமைந்த தரகுக்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் பணம் திரட்டும் பெண் முகவர் திட்டம் 1972-இல் தோன்றியது. அவர்களுக்கு நூற்றுக்கு 4 வீதம் தரகை அரசாங்கமே தருகிறது, சேமிப்பவர் பணத்தில் ஒரு காசும் குறைவதில்லை. ஏலச்சீட்டில் நடத்துபவர் எடுக்கும் தரகுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு 5 என்று வரம்பு கட்டியது. 2021-இல் அது 7 ஆக உயர்ந்தது. ஆயுள் காப்பீட்டிலோ 1938-ஆம் ஆண்டுச் சட்டம், முகவர் தம் தரகில் ஒரு பங்கைக் கழிவாகக் கொடுத்து ஆள் பிடிப்பதையே தடுத்தது. அரசாங்கமே கைப்பேசியில் பரிந்துரைத் தொகை வழங்கியதும் உண்டு. 2017 ஏப்ரல் 14 அன்று நாகபுரியில் பீம் செயலிக்காகத் தொடங்கப்பட்ட அத்திட்டத்துக்கும், வணிகர்க்கான சலுகைத் திட்டத்துக்கும் சேர்த்து, ஆறு மாதத்துக்கு 495 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சேர்ந்தவர் பெயர் பதிந்தால் மட்டும் போதாது. அவர் உண்மையிலேயே பணம் அனுப்பிப் பயன்படுத்திய பின்னரே தொகை வரும். எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்பவை முன்னரே வெளிப்படையாக இருந்தன.

இனி மற்றொரு வகை. 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்ஸி என்பவர் 45 நாளில் நூற்றுக்கு 50 இலாபம் தருவதாகக் கூறி, தரகர்களை ஏவிப் பணம் திரட்டினார். பின்னால் வந்தவர் பணமே முன்னால் வந்தவர்க்கு இலாபமாயிற்று. நம் நாட்டிலும் பரிசுச் சீட்டுகள் என்னும் பெயரில் இத்தகையவை பெருகவே, ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு 1975-இல் அவற்றைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. (இங்கே அச்சொல் தன் பொருளில் நிற்கிறது.) 1978-இல் பரிசுச் சீட்டுகளையும் பணச்சுழற்சித் திட்டங்களையும் தடைசெய்யும் சட்டம் பிறந்தது. உறுப்பினரைச் சேர்ப்பதன் பேரில் விரைவாகவோ எளிதாகவோ பணம் கிடைக்கச் செய்யும் திட்டம் எதுவும் அதன் வரையறைக்குள் வரும்.

ஏன் இத்திட்டங்கள் கவிழ்கின்றன என்பதற்குப் பெரிய பொருளாதார அறிவு வேண்டியதில்லை. ஒருவர் இருவரைச் சேர்க்க, அவ்விருவர் நால்வரைச் சேர்க்க, இப்படியே சென்றால் 20-ஆம் படியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வேண்டும். 26-ஆம் படிக்கு மட்டும் 6 கோடியே 71 லட்சம் பேர் தேவை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கர்நாடக மாநிலத்தின் மக்கள்தொகையே 6 கோடியே 11 லட்சந்தான். எந்தப் படியில் நின்றாலும், நிற்கும் படியில் இருப்பவரே பெருந்தொகையினர். அவர்களுக்குப் பின் யாரும் இலர். அவர்கள் போட்ட பணமும் இல்லை.

ஆதலால் அடுகோடித் தமிழர் ஒருவரிடம் ஊர்க்காரர் வந்து, ‘அண்ணா, நீங்களும் சேருங்கள், உங்களுக்குக் கீழே நால்வரைச் சேர்த்துவிடுங்கள்’ என்று சொல்லும்போது, இலாபம் எவ்வளவு என்பதற்கு முன் அது எவ்வணிகத்தின் வருவாயிலிருந்து வருகிறது என்று கேட்பது தகும். இனி ஒருவரும் சேராவிட்டால் அத்தொகை வருமா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். அழைப்பவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் பணத்தையும் அதில் போட்டவர்தாம். சட்டம் அவரையும் விட்டுவிடவில்லை. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமன்றி, உறுப்பினராகச் சேர்வதும், அதன் பொருட்டுப் பணம் வாங்குவதும் அனுப்புவதும் குற்றமாகும். மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ, பொய்யென அறிந்தே பிறரைப் பணம் போடத் தூண்டுபவரையும் தனியே குறித்துத் தண்டனை விதிக்கிறது.