பழைய சைக்கிளும் நம் வரலாறும்



தோட்ட லயத்தின் பின்புறம், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உடைந்த சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் அது தொடர்ந்து வந்திருக்கும். தாத்தா ஓட்டியது என்பார்கள். பழைய இரும்பு வாங்க வருபவர் அதைத் தராசில் தூக்கி வைத்து, கிலோ கணக்கில் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு அது இரும்புதான். நமக்கும் அவ்வளவுதானா என்பதை இன்று பார்ப்போம்.

நம் முன்னோர் இந்த நாட்டுக்குப் பால் வெட்ட ஏன் வந்தார்கள்? ரப்பருக்குக் கிராக்கி இருந்ததால் வந்தார்கள். அந்தக் கிராக்கி எங்கிருந்து வந்தது? 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று அவர் செய்து பார்த்த வேலை அது. அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் மோகத்தில் மூழ்கின. 1896-இல் டான் சாய் யான் மலாக்காவில் வணிக முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். மோட்டார் கார் அதற்குப் பிறகு வந்துதான் கிராக்கியைப் பன்மடங்காக்கியது.

அந்தச் சக்கரத்துக்குப் பால் எடுத்துக் கொடுத்தவர், சக்கரத்தில் ஏறி உட்கார முடிந்ததா? அதுதான் முடியவில்லை. நாள் முழுதும் உழைத்தும் ஆண் தொழிலாளிக்குச் சுமார் 50 காசு கூலி கிடைத்த காலம் அது. வயிற்றைக் கட்டி ஒரு சைக்கிள் வாங்கினாலும், வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரில் வந்தால் கீழே இறங்கி நிற்க வேண்டும். எங்கள் பள்ளி மாணவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குத் தொல்லையில்லாத வாழ்வு ஆகியவற்றோடு, துரைமாருக்கும் அலுவலர்களுக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கூலி உயர்வுக்குப் பக்கத்தில் சைக்கிளை எழுதி வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் படைகள் இறங்கின. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையேறினர். அவர்களின் காலாட்படையும் சைக்கிளில்தான் வந்தது. ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 6,000 சைக்கிள்கள் என்கிறார் அப்படையின் திட்ட அதிகாரியான சுஜி மசனொபு. ஒவ்வொரு கம்பெனியுடனும் இரண்டு பேராவது கொண்ட பழுதுபார்க்கும் குழு ஒன்று சென்றது. அக்குழு நாளொன்றுக்குச் சராசரியாக 20 வண்டிகளைச் சரிசெய்ததாம். பாகங்களுக்கு அவர்கள் தவிக்கவில்லை. போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய சைக்கிள்கள் மலாயாவெங்கும் விற்பனையாகியிருந்ததால், போகும் ஊரிலெல்லாம் மாற்றுப் பாகம் கிடைத்தது. மக்களிடமிருந்தும் வண்டிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தக் கடகட சத்தத்தை டாங்கி என்று நினைத்துப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அஞ்சியதும் உண்டு. 1942 ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது.

அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுகளில் நம்மவர்களிடம் எஞ்சிய வண்டிகளுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு நட்டுகூட வரவில்லை. மரமெல்லாம் பால் நிற்க, டயருக்கு ரப்பர் இல்லை! திடரப்பரையும் தண்ணீர்க் குழாயையும் ரிம்மில் சுற்றிக் கட்டி ஓட்டினார்கள். ஒரு வண்டி ஒடிந்தால் அதன் பாகங்கள் வேறொரு வண்டியில் ஏறின. ஆகவே உங்கள் வீட்டு வண்டியில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பாகங்கள் இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

இனி அதைக் கழற்றும் வேலைக்கு வருவோம். முதலில் பல்சக்கரத்தைத் துடைத்துப் பாருங்கள். நாரையின் தலை வெட்டியிருந்தால் அது ராலே. விரித்த கை என்றால் ரட்ஜ். ஐந்து மனிதர்கள் என்றால் ஹம்பர். மூன்றும் பிற்காலத்தில் நாட்டிங்காம் நகர ராலே நிறுவனத்துக்கே சொந்தமாயின. அந்த நகரத்தில் சைக்கிள் செய்வது 2002-இல் நின்றுவிட்டது. ஆகவே அந்தப் பல்சக்கரத்தை இனி அங்கிருந்து யாரும் புதிதாக அனுப்பப்போவதில்லை.

துருப்பிடித்த மரைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு விடுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும். இது தெரியாமல் பலம் காட்டி ஒடித்தவர்கள் ஏராளம். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் ஆணியைத் தட்டும்போது, அடியில் கனமான மரக்கட்டையோ இரும்போ முட்டுக் கொடுக்க வேண்டும். ராலேயின் நடு அச்சில் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற பிரிட்டிஷ் வண்டிகளில் 24. கலந்து போட்டால் மரை கெட்டுவிடும். தோல் இருக்கை, விளக்கு, மணி, பழைய உரிமத் தகடு ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். வளைந்த முன் கவையை மட்டும் நிமிர்த்தி ஓட்ட வேண்டாம். ஒருமுறை மடங்கிய எஃகு, ஓடும்போது ஒடியக்கூடும்.

பின் சக்கரத்தின் குடத்தைக் கடைசியில் பாருங்கள். அது மூன்று வேகம் கொண்ட ஸ்டர்மி ஆர்ச்சர் குடமானால், அழுக்கைத் துடைத்தவுடன் சிறிய எண்கள் தெரியும். 52 என்றிருந்தால் 1952-இல் செய்தது. அது அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் பால்வெட்டிகளைச் சோதித்து அனுப்பிய ஆண்டுகள். காட்டுக்கு அரிசி போய்விடும் என்று சைக்கிள் பம்பையும் இருக்கைக் குழாயையும்கூடத் திறந்து பார்த்தார்கள். அந்தக் குழாயின் வாயில் ஸ்பேனர் பட்ட பழைய தழும்பு இருக்கிறதா என்று, கழற்றும்போது பாருங்கள்.