பிரேக் மிதித்தால் கார் நடுங்குதா? ரோட்டரை மாற்றும் முன் என்ன கேட்க வேண்டும்?

காராக் நெடுஞ்சாலையில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் ஒரு லாரி. பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் கையில் படபடவென ஆடுகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.

இதை வொர்க்‌ஷாப்பில் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "ரோட்டர் வளைஞ்சிருச்சு, மாத்திடலாம்." மாற்றுகிறீர்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் நல்லா ஓடுது. அப்புறம் மறுபடியும் அதே நடுக்கம்.

காசு போனது போனதுதான். ஆனால் கோளாறு எங்கே இருந்தது?

எங்கே நடுங்குகிறது என்று கவனியுங்கள்

பிரேக் மிதிக்காமலேயே, 90 அல்லது 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஆடினால் முதலில் டயர் கடைக்குப் போங்கள். அது பெரும்பாலும் பேலன்சிங் பிரச்சினை, அல்லது டயரே உருமாறியிருக்கும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கர பிரேக் மீது சந்தேகப்படலாம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து, இருக்கையும் பெடலும் மட்டும் துடித்தால் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மைவி, சாகா போன்ற கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்மும் வட்டம் கெட்டுப் போகக்கூடியதுதான்.

மழையில் அவசரமாக மிதிக்கும்போது மட்டும் பெடல் "டக டக" என்று காலை உதைக்கிறதா? அது ஏபிஎஸ் வேலை செய்வது. கோளாறு இல்லை. காலை எடுக்காமல் அழுத்தியே பிடியுங்கள்.

இன்னொன்று: டயர் மாற்றிய மறுநாளே நடுக்கம் தொடங்கியிருந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் சக்கர நட்டுகளைச் சரிபாருங்கள். தளர்ந்த நட்டும் இப்படித்தான் ஆட்டம் காட்டும். அதோடு ஓட்டுவது ஆபத்து.

உண்மையில் ரோட்டர் வளைகிறதா?

அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: ரோட்டரின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. ஓர் ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே பல கார்களில் நடுக்கத்தை உணர முடியும். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் வினாடிக்குச் சுமார் 17 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பேட் அந்த மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. உங்கள் கைக்கு வருவது அந்தத் துடிப்புதான்.

மேடு பள்ளம் வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கொதிக்கக் கொதிக்கச் சூடான ரோட்டர்மீது பேட்டை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிப்பது. மலை இறங்கி வந்து, சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தபடியே நிற்கிறீர்கள் அல்லவா, அப்போது பேட்டின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. ரோட்டர் உட்காரும் ஹப்பில் துருவோ மண்ணோ இருந்தால் ரோட்டர் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். நட்டுகளை ஏர் கன்னால் தாறுமாறாக முடுக்கினாலும் அப்படியே. சாய்ந்த ரோட்டர், நீங்கள் பிரேக் மிதிக்காதபோதுகூட ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசும். அந்த இடம் மெல்ல மெல்லத் தேயும். நடுக்கம் உடனே வராது, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் வரும். புது ரோட்டர் போட்டும் பிரச்சினை திரும்பி வருவது இதனால்தான்.

நீண்ட நாள் நிறுத்திவைத்த காருக்கும் இது நேரலாம். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வாரக்கணக்கில் அசையாமல் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். பேட் தொட்டுக்கொண்டிருந்த இடம் ஒரு மாதிரியாகவும் மற்ற இடம் வேறு மாதிரியாகவும் துருப்பிடிக்கும். லேசான துரு என்றால் நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். ஆழமாக இறங்கியிருந்தால் போகாது.

ஃபோர்மேனிடம் இதைக் கேளுங்கள்

"அண்ணே, டயல் கேஜ் வெச்சு அளந்தீங்களா?" இந்த ஒரு கேள்வி போதும். ரோட்டர் எவ்வளவு சாய்ந்து சுற்றுகிறது என்பதை அந்தக் கருவி காட்டும். பல கார்களுக்கு 0.05 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரம்பு. உங்கள் காருக்கான சரியான எண் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். தடிமனை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளக்க வேண்டும்.

தடிமன் போதுமான அளவு இருந்தால் ரோட்டரை மாற்றத் தேவையில்லை, ஸ்கிம் செய்தாலே போதும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் ரோட்டரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்கிம் செய்த பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் மாற்றத்தான் வேண்டும், அதில் பேரம் வேண்டாம். எது செய்தாலும் ஹப்பைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்துவிட்டு, மாட்டிய பிறகு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்ச்சால் முடுக்க வேண்டும்.

கேலிப்பர் பின்கள் இறுகியிருக்கின்றனவா, லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் போன காரில் சின்ன நடுக்கம்கூடப் பெரிதாகத் தெரியும்.

மலை இறங்கும்போது

கெந்திங் உல்லாசத் தலம் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ‘டி’ கியரிலேயே, பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் அத்தனை சக்தியும் ரோட்டரில் வெப்பமாகத்தான் மாறும். ‘எல்’, ‘எஸ்’ போன்ற தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சின் வேகத்தைப் பிடித்துக்கொள்ள விடுங்கள்.

பெடல் மெதுமெதுவென உள்ளே போனால், கார் ஒரு பக்கம் இழுத்தால், இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் வொர்க்‌ஷாப்வரை ஓட்டிப்போவதைவிட இழுவை வண்டியைக் கூப்பிடுவதே சரி.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் மூன்று வயதான கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும், பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு அப்படி வழக்கமான சோதனை கிடையாது. எனவே ஓட்டிப் பார்க்கும்போது தாமானுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய், பின்னால் வண்டி இல்லாதபோது 100-இலிருந்து 60-க்குச் சீராகப் பிரேக் பிடித்துப் பாருங்கள். மெதுவாக ஓட்டும்போது இந்த நடுக்கம் பெரும்பாலும் தெரியவே தெரியாது.