கோச்சு என்னும் சொல்

நம் காலனியில் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'கோச்சு' என்பது ஒன்று. ஊருக்குப் புறப்படுவோர் தமக்கு எந்தக் கோச்சில் இடம் கிடைத்தது என்று பார்க்கின்றனர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் 'கோச்சிங்' வகுப்புக்குச் செல்கின்றனர். விளையாட்டுத் திடலில் பயிற்சி அளிப்பவரும் கோச்சே. ரயில்வே உத்தியோகத்தில் உள்ள நமக்கோ, பிரயாணிகளும் பார்சலும் சேர்ந்த போக்குவரத்து முழுவதும் 'கோச்சிங்'. சரக்குக் கணக்கு வேறு. வண்டிக்கும் வாத்தியாருக்கும் என்ன உறவு? அதைச் சிறிது ஆராய்வோம்.

ஹங்கேரி நாட்டில், வியன்னாவிலிருந்து புடா நகருக்குச் செல்லும் பழைய பெருவழியில் 'கோச்' என்றொரு சிற்றூர் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் அவ்வூர்த் தொழிலாளர் செய்த குதிரை வண்டி, பாரம் குறைந்தது, விரைந்து செல்வது. காஞ்சிப் பட்டு, மதுரைச் சுங்குடி என்று நாம் சொல்வது போல, அதனைக் 'கோச்சி வண்டி', அதாவது கோச் ஊர் வண்டி என்றனர். வண்டி பரவப் பரவப் பெயரும் பரவிற்று. ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர் ஆகியோர் தத்தம் நாவுக்கேற்ப அதைத் திரித்து வழங்கினர். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது.

இங்கிலாந்தில் 1784-இல் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே தபால் கோச்சு ஓடத் தொடங்கிற்று. தபாலைக் காத்து உடன் சென்றவர் 'கார்டு'. கோச்சில் இடம் வேண்டுவோரின் பெயரைப் புத்தகத்தில் பதிந்ததால் 'புக்கிங்' என்பதும் வழங்கலாயிற்று. 1830-இல் லிவர்பூல்–மாஞ்செஸ்டர் ரயில் பாதை திறக்கப்பட்டபோது, அதன் முதல் வகுப்புப் பெட்டிகள் பழைய கோச்சுகளை வரிசையாக ஒட்டியது போன்ற தோற்றத்துடன் இருந்தன. குதிரை போயிற்று, கோச்சும் கார்டும் புக்கிங்கும் ரயிலோடு நிலைத்துவிட்டன.

ஏறக்குறைய அதே காலத்தில், ஆக்ஸ்போர்டு மாணவர் தம்மைப் பரீட்சையில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை வேடிக்கையாகக் 'கோச்சு' என்றழைத்தனர். வண்டி பிரயாணியை ஊர் சேர்ப்பது போல அவர் மாணவரைத் தேர்வில் கொண்டு சேர்க்கிறார் அன்றோ? 1860-களில் விளையாட்டு ஆசிரியருக்கும் அப்பெயர் வந்தது.

தமிழகத்திற்கும் இச்சொல்லோடு தொடர்பு உண்டு. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் நேரு சென்னைப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். அதன் ஆங்கிலப் பெயரிலும் கோச்சு என்பது இடம்பெற்றுள்ளது. அங்கே செய்த பெட்டிகளில் ஏறித்தான் நம்மிற் பலர் ஊருக்குப் போய்வந்திருக்கிறோம்.

ஒரு சிற்றூரின் பெயர் ஐந்நூறு ஆண்டுகளாகப் பல நாடுகளில் ஒலிக்கிறது. ஆனால் அதைச் சொல்வோரில் மிகப் பலர் அவ்வூரை அறியார். இது நாம் சிந்திக்கத் தக்கது. நம்மிற் பலர் பெயருக்கு முன்னால் நம் ஊரின் முதலெழுத்து நிற்கிறது. இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அது பள்ளிப் பதிவேட்டில் உள்ள ஓர் எழுத்து மட்டுமே. அவ்வெழுத்துக்குப் பின்னால் ஓர் ஆறு, ஒரு கோயில், ஒரு தெரு, நம் பாட்டனார் வாழ்ந்த வீடு ஆகியவை இருப்பதை நாம் சொன்னாலன்றி அவர்கள் எவ்வாறு அறிவர்? அவர்கள் கேட்கும்வரை காத்திராது, நாமே சொல்லி வைப்போமாக.