கடாரக் காவல் – 14: சிவகங்கை என்னும் பெயர்

சென்ற வாரம் 2020 மே 17-இல் நிறுத்தியிருந்தோம். பெருந்தொற்றின் நடுவிலேயே கெடாவில் ஆட்சி மாறியது. முக்ரிஸ் மகாதீர் இறங்கினார்; முகமட் சனூசி மந்திரி பெசாராகப் பதவியேற்றார். ஜூன் 10 முதல் மீட்சிக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஜூன் நடுவில் பாசார் மாலாம் விளக்குகள் மறுபடி எரிந்தன. பொட்டலம் மட்டுமே கட்டிக் கொடுத்த உணவகங்களில் மேசை நாற்காலிகள் விரிந்தன. வாசலில் ஒரு வெப்பமானி, பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பெயர், தொலைபேசி எண், உடல் சூடு மூன்றையும் எழுதிவிட்டு உள்ளே போகவேண்டும்.

அந்த நோட்டை மறக்க வேண்டாம். திரும்ப வரும்.

ஜூலை 13, திங்கட்கிழமை. தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து ஒருவர் மலேசியா திரும்பினார். குபாங் பாசு மாவட்டத்தில் நாசி கண்டார் உணவகம் நடத்துபவர். அவர் பெயரை இந்தத் தொடரில் எழுதப்போவதில்லை. நாடே ஒரு மாதம் அவர் பெயரைச் சொல்லித் திட்டித் தீர்த்துவிட்டது. இனி நாமும் சொல்ல ஒன்றுமில்லை. விமான நிலையத்திலேயே மூக்கில் குச்சிவிட்டுச் சோதித்தார்கள். தொற்று இல்லை என்று முடிவு வந்தது. கையில் ஒரு பட்டையைக் கட்டி, பதினான்கு நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இங்கேதான் தேதிகளைக் கவனிக்கவேண்டும். ஏப்ரல் 3 முதல் வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாரையும் அரசாங்கம் ஹோட்டல்களிலும் பயிற்சி நிலையங்களிலும் தங்கவைத்தது. ஜூன் 10-இல் அது தளர்ந்தது. தொற்று இல்லாதவர் வீட்டிலேயே தனித்திருக்கலாம் என்றார்கள். வீட்டில் இருக்கச் சொன்னவர்களில் சிலர் வீட்டில் இல்லை என்பது தெரியவந்ததும், ஜூலை 24 முதல் பழைய முறையே திரும்பியது. அவர் வந்தது 13. இடையில் பதினோரு நாள். பதினோரு நாள் தள்ளி விமானம் ஏறியிருந்தால் ஒரு ஹோட்டல் அறையில், காவலர் கண் முன்னால், இந்தக் கதை தொடங்குமுன்பே முடிந்திருக்கும்.

கிருமி உடலுக்குள் போனதும் சோதனையில் தெரிந்துவிடாது. சில நாள் பதுங்கியிருக்கும். அதனால்தான் முதல் சோதனையோடு நிறுத்தாமல், தனிமைக் காலம் முடியும் தறுவாயில் இரண்டாவது சோதனை வைத்தார்கள். ஜூலை இறுதியில் அவருக்கு அந்த இரண்டாவது முடிவு வந்தது.

இந்த முறை தொற்று இருந்தது. பிறகு அதிகாரிகள் விசாரித்தபோது தெரிந்தது: அந்த நாட்களில் அவர் வீட்டோடு இருக்கவில்லை. கடைக்கும் போயிருக்கிறார்.

நோட்டைப் புரட்டத் தொடங்கினார்கள்.

அவர்கள் புரட்டிக்கொண்டிருக்கட்டும். அவரிடமிருந்து தொடங்கிய தொற்றுத் திரளுக்கு வைத்த பெயரைப் பற்றி நான் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சு தொற்றுத் திரள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டியது; ஊர், சாலை, ஆறு, எது வாகாக அமைகிறதோ அது. இதற்குச் சூட்டிய பெயர் சிவகங்கை. ஆகஸ்ட் தொடக்கத்தில் மாலைச் செய்தி வரும் நேரமெல்லாம் சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் என்று கெடா முழுக்கத் தமிழ் வீடுகளில் அந்தப் பெயர் ஒலித்தது. தாத்தாவின் பிறந்த ஊர் சிவகங்கைச் சீமை என்று பெருமையாகச் சொல்லிவந்த குடும்பங்கள் இங்கே நிறைய. ஊர்ப் பெயரை நோய்க்குச் சூட்டாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 மே மாதத்திலேயே எழுதிவைத்திருந்தது. அது புதிய நோய்களுக்கான வழிகாட்டுதல், ஒரு மாவட்டத்துத் திரளுக்கு அல்ல என்று வாதாடலாம். கேட்டுக்கொண்டிருந்த பாட்டிக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவள் காதில் விழுந்தது அவள் ஊர்ப் பெயர்.

சிவகங்கைக்கும் இந்தக் கடற்கரைக்கும் உள்ள உறவு 2020-இல் தொடங்கியதும் அல்ல, ரப்பரோடு தொடங்கியதும் அல்ல. 1786-இல் கெடா சுல்தானின் கையிலிருந்து பினாங்குத் தீவை பிரான்சிஸ் லைட் எடுத்துக்கொண்டார். பதினைந்தாண்டு கழித்து, 1801 அக்டோபர் 24-இல், திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். மிஞ்சியவர்களை என்ன செய்வது? 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் பதினைந்து வயது மகன் துரைசாமி, அவர்களோடு எழுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் பினாங்கு. அங்கே வடக்குக் கரையில் நின்று பார்த்தால் எதிரே தெரிவது கெடா மலை. விலங்கோடு வந்தவர்கள் அவர்கள். பிறகு கங்காணியோடு வந்தவர்கள் ஜெரெஜாக் தீவின் தொற்றுத் தடுப்பு முகாமில் நாள் எண்ணிவிட்டுத்தான் கெடாத் தோட்டங்களுக்கு ரயிலேறினார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே தோளில் காவடித் தண்டு சுமந்து சோறும் குழம்பும் விற்ற தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள். மலாயில் தண்டு கட்டிச் சுமப்பதற்குக் ‘கண்டார்’ என்று பெயர். நாசி கண்டார் அதிலிருந்து வந்ததுதான்.

இருநூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சீமையின் பெயர் இப்படித் திரும்பி வந்தது.

சரி, குபாங் பாசுவுக்குப் போவோம். தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாவட்டம். வயல்களும் ஜித்ரா பட்டணமும் எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஹீத்தாமும் இதற்குள் அடக்கம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரண்டு மூன்று நாளில் பிரிட்டிஷ் அரணை உடைத்துக்கொண்டு வந்தது இந்த ஜித்ராவில்தான். அதில் சிதறிய படையிலிருந்து வந்த கேப்டன் மோகன் சிங்தான் பிறகு இந்திய தேசிய ராணுவத்தின் முதல் அணியைக் கட்டினார். அரண் உடையும் அனுபவம் ஜித்ராவுக்குப் புதிதல்ல.

தொற்று வந்ததும் முன்னால் நிற்பது மாவட்டச் சுகாதார அலுவலகம். 1988-ஆம் ஆண்டுத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டம் அதற்குத்தான் கை கொடுக்கிறது. ஆனால் ஊரின் கதவுகள் எல்லாவற்றுக்கும் சாவி வைத்திருப்பது ஊராட்சி மன்றம். உணவகத்துக்கு உரிமம் தருவது அது. சமைப்பவரும் பரிமாறுபவரும் டைபாய்டு ஊசி போட்டார்களா என்று அட்டை கேட்பது அதன் ஆட்கள். சந்தையைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள். மருந்துக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தையும் சந்தை மேடையையும் கழுவ, தீயணைப்புப் படையினரோடு போனதும் அவர்கள். குப்பை வேலை மட்டும் 2011-லேயே கூட்டரசுச் சட்டத்தின்கீழ் ஒரு குத்தகை நிறுவனத்திடம் போய்விட்டது.

இவ்வளவு செய்யும் மன்றத்தின் உறுப்பினரை நாம் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அப்படியே முடித்துவைத்தது. உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. மேலே ஆட்சி கவிழ்ந்தால் கீழே நாற்காலி ஆடும். 2020-இல் கெடாவில் நடந்தது அதுதான் என்று சென்ற வாரம் பார்த்தோம். இது எனக்கு வெறும் சட்டக் குறிப்பு அல்ல. ஒரு தெருவைப் பூட்டப் போகிறவர், அந்தத் தெருவில் ஓட்டுக் கேட்டவராக இருந்தால் முதலில் அங்கே போய் நின்று பேசுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நோட்டில் பெயர் எழுதியவர்களைத் தேடினார்கள். முதலில் வீட்டார், பிறகு கடை வேலையாட்கள், பிறகு சாப்பிட வந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வேலையிடம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பள்ளிவாசல். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. குபாங் பாசுவின் சில முக்கிம்களில் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு விதித்தார்கள். பள்ளிகள் மூடின. ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் நாடு முழுக்க, கூட்டமான இடங்களில் முகக்கவசம் போடாதவருக்கு ஆயிரம் வெள்ளி அபராதம் என்ற விதியும் வந்து சேர்ந்தது.

தெற்கே, தோட்டங்களில் என்ன நடந்தது?

இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். சுங்கைப் பட்டாணிப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். பட்டணத்துக் குப்பை லாரி எங்கள் தோட்டத்து வாசல் வரை வரும், அங்கே வளைந்து திரும்பிப் போய்விடும். வாசலுக்கு உள்ளே தனியார் நிலம். சாலை, குழாய்த் தண்ணீர், விளக்கு, சாக்கடை எல்லாமே முதலாளியின் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஊராட்சி மன்றத்தின் துடைப்பம் அந்த வாசற்படியில் நின்றுவிடும். பிள்ளையாக இருந்தபோது அந்த லாரி திரும்பும் இடத்தில் மண் குழிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லையை யாரும் கோடு போட்டுக் காட்டத் தேவையில்லை, சக்கரமே காட்டிவிடும்.

இந்த எல்லைக்கு நூறு வயது. பட்டணத்துக்குத் துப்புரவு வாரியம், தோட்டத்துக்குத் துரை என்று பிரித்தது பிரிட்டிஷ் நிர்வாகம். 1918 ஜூலையில் பாடாங் பெசாரில் சயாம் ரயில் பாதை மலாயாப் பாதையோடு இணைந்தது. அக்டோபரில் இன்புளுவென்சா பரவியது. மலாயாவில் முப்பதாயிரத்துக்கும் மேல் மாண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்படி அடுக்கிவைத்த வீடுகளில் தனித்திரு என்றால் எங்கே போய்த் தனித்திருப்பது? 2020-லும் அதே கேள்விதான். ஒற்றை அறையும் ஒரு நடையும் உள்ள வீட்டில் மூன்று தலைமுறை வாழ்கிறது. செம்பனைத் தோட்டங்களுக்கு நிபந்தனையோடு வேலை அனுமதி இருந்ததால் காலைப் பிரட்டும் நிற்கவில்லை. மருந்து தெளிக்கும் வண்டி பட்டணத்துச் சந்தையைக் கழுவிவிட்டுப் போனது. தோட்டத்துக்குள் தெளிக்கவேண்டுமானால் நிர்வாகம் மனது வைக்கவேண்டும். சில இடங்களில் வைத்தது. சில இடங்களில் இளைஞர்களே காசு சேர்த்துக் குளோரின் வாங்கிக் கோயில் திண்ணையைக் கழுவினார்கள்.

நல்ல காலம், குபாங் பாசுத் திரள் தெற்குத் தோட்டங்களுக்குள் நுழைந்து பரவவில்லை. அப்படிப் பரவியிருந்தால் நான் இன்று வேறு அத்தியாயம் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 13. அலோர் ஸ்டார் நீதிமன்றம். தனிமை ஆணையை மீறிய குற்றத்தை அந்த உணவக உரிமையாளர் ஒப்புக்கொண்டார். ஐந்து மாதச் சிறை, 12,000 வெள்ளி அபராதம். ‘போதாது’ என்றார்கள் பலர். சட்டத்தின் முன் அவர் செய்தது தவறு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்தக் கடையில் சாப்பிட்டுப் போனவர் வீட்டிலும் ஒரு கிழவி இருந்திருப்பாள். ஆனால் இணையத்தில் வந்து விழுந்த சொற்களில் பாதி அவரைப் பற்றியவை அல்ல. அவர் தோலைப் பற்றியவை, வந்த ஊரைப் பற்றியவை. அதைத் தண்டிக்க எந்த நீதிமன்றமும் அன்று கூடவில்லை.

இதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்றே நாளில் உலகமே குபாங் பாசுவைத் திரும்பிப் பார்த்தது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு. சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா தம் முகநூல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டார். சிவகங்கைத் திரளின் 45 பேரில் மூவரிடம் எடுத்த மாதிரியில் உருமாறிய கிருமி இருப்பதை மருத்துவ ஆய்வுக் கழகம் கண்டுபிடித்திருக்கிறது. ஜொகூரின் உலு திராம் திரளிலும் ஒருவரிடம் அது இருந்தது. பெயர் டி614ஜி. பத்து மடங்கு வேகமாகத் தொற்றக்கூடியது என்று எழுதினார். மறுநாளே உலகப் பத்திரிகைகளில் கெடா வந்துவிட்டது.

‘பத்து மடங்கு’ என்ற சொல்லை அன்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். அதன் பொருளை யாரும் நின்று விளக்கவில்லை. கிருமியின் மேற்புறத்திலுள்ள முள் புரதத்தில் 614-ஆவது கண்ணியில் ஓர் அமினோ அமிலம் போய் இன்னொன்று வந்திருக்கிறது. டி போய் ஜி. பத்து மடங்கு என்பது ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களுக்குள் அது புகும் வேகம். மனிதரிடையே பரவும் வேகம் அதுவல்ல. அதைவிட முக்கியம், அந்த வகை சிவகங்கையில் பிறந்ததும் அல்ல. 2020-இன் தொடக்க மாதங்களிலேயே ஐரோப்பாவில் ஓங்கி, ஆகஸ்டுக்குள் உலகின் பெரும்பகுதியை அதுவே பிடித்திருந்தது. உலகமெங்கும் சுற்றித் திரிந்த கிருமியின்மீது எங்கள் சீமையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

சிவகங்கைத் திரள் 45-ஐத் தாண்டவில்லை. சுகாதார ஊழியர்களும் மன்றத்துப் பணியாளர்களும் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகத் தேடிப் போனதன் பலன் அது. முக்கிம்கள் திறந்தன. ஜித்ராவில் தேநீர் ஆற்றும் சத்தம் மீண்டும் கேட்டது.

ஆனால் தெற்கே அரைமணி நேரப் பயணத்தில், அலோர் ஸ்டாரில், இன்னொரு திரள் அதற்குள் வேர் பிடித்திருந்தது. செப்டம்பர் 11-ஆம் தேதி கோத்தா ஸ்டார் மாவட்டச் சாலைகளில் காவல்துறை தடுப்புகளை இழுத்துப் போட்டது. தலைநகரே அடைபட்டது. உள்ளே போகவும் வெளியே வரவும் காரணம் சொல்லவேண்டும். அப்போதும் ஒரே ஓர் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு வெளியே வர எந்தக் காரணமும் செல்லாது.

அக்டோபர் 6. நாட்டில் ஒரே நாளில் 691 பேருக்குத் தொற்று. அதுவரை காணாத எண்ணிக்கை. அதில் பாதிக்கும் மேல் கெடாவில். அன்று கெடாவில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரே திரளைச் சேர்ந்தவர்கள். அமைச்சு அதற்கு வைத்த பெயர் ஊர்ப் பெயரும் அல்ல, ஆற்றுப் பெயரும் அல்ல.

தெம்போக். மலாயில் அதற்குச் சுவர் என்று பொருள்.

(அடுத்த வாரம்: சுவருக்குள்ளே)