வெள்ளமும் வீட்டுமனையும்

வெள்ளத்துக்குச் சாதி இல்லை என்பர். ஆயினும் வெள்ளம் முதலிற் புகுவது தாழ்ந்த நிலத்திலேயாம். அந்நிலத்திற் சேரியை அமைத்தது ஆறன்று, ஊரேயாகும். வெள்ளம் வடிந்தபின் ஏழை மக்கள் மீண்டெழ உள்ளூர்ச் சங்கங்கள் எங்ஙனம் துணைநின்றன என்று ஆராயப் புகின், குடியிருக்கும் மனை யாருடையது என்னும் வினாவே முன்வந்து நிற்கும்.

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. 1924 ஜூலையில் இவ்விரு ஆறுகளிலும் பெருகிய வெள்ளம் திருச்சிராப்பள்ளி, தஞ்சை மாவட்டங்களைப் பாழ்படுத்திற்று. அக்காலத்தில் காவிரிப் படுகையில் ஆதிதிராவிடர் குடியிருந்த மனைகளுட் பல மிராசுதாரருக்கே உரியவை. கூலியை உயர்த்திக் கேட்டவனைக் குடிசையினின்றும் வெளியேற்றிவிடலாம். இந்நிலையை மாற்ற, சென்னை மாகாணத் தொழிலாளர் இலாகா 1920ஆம் ஆண்டளவில் மனைநிலம் வாங்கி வழங்கும் பணியைத் தொடங்கியது. மக்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து, விலையைத் தவணை முறையிற் செலுத்தினர். நிலவுடைமையாளர் பலர் எதிர்த்தனர். அவர்கள் அஞ்சியதிற் பொருளுண்டு. சொந்த மனை உடையவன், வெள்ளம் வடிந்த மறுநாளே எவர் இசைவும் வேண்டாது குடிசை எழுப்புவான் அன்றோ?

1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. எனினும் அணைக்குக் கீழே காவிரியிற் சேரும் கோரையாறு, குடமுருட்டி போன்றவற்றை அது தடுக்க இயலாது. 1977 நவம்பர்ப் புயல்மழையில் திருச்சி நகரம் மூழ்கியது இதனாலேயே. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணை மதகுகள் ஒன்பது இடிந்து விழுந்தமையும் நாம் அறிந்ததே.

நிவாரணம் வருங்கால் பட்டியலும் உடன் வருகின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், நாகை, கடலூர்க் கரையோரங்களில் உதவி பெரிதும் படகும் வலையும் இழந்தோரை நோக்கியே சென்றது. உப்புநீர் புகுந்த வயல்களில் வேலையிழந்த தலித் கூலிமக்கள் பலர் பாதிக்கப்பட்டோராகவே எண்ணப்படவில்லை. தலித் அமைப்புகள் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்து, விடுபட்டோரின் இழப்பை எடுத்துரைத்து, உரிமை கோரின. சோறும் துணியும் அளித்தல் நற்பணியே. ஆயின் விடுபட்ட பெயரைப் பட்டியலில் ஏற்றுவித்தல் அதனினும் நெடிய பயன் தருவதாம்.

இவ்விடத்தேதான் கல்விக் கழகத்தின் கடமை தொடங்குகின்றது. விண்ணப்பத்தைப் படிக்கவும் மனுவை எழுதவும் வல்ல ஓர் இளைஞன் தெருவுக்கு ஒருவனேனும் இருத்தல் வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பத்தின் பெயர், குடும்ப அட்டை, மனைப்பட்டா ஆகியவற்றை அவன் குறித்து வைப்பானாக. பட்டா இல்லாதார்க்கு அதனைப் பெற்றுத்தரும் முயற்சியை நம் கழகம் வெள்ளம் வருமுன்னரே மேற்கொள்ளல் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திற் சிறுதொகை செலுத்தி மனை வாங்கிய நம் முன்னோர் தொடங்கிவைத்த பணி இது. இவ்வெள்ளி விழா ஆண்டில் அதனை நிறைவேற்ற உறுதி பூணுவோமாக.